திருநாவலூரில் நின்று கேட்கும் வினாக்கள்

வினாவை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டுகிறது பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல். விடையை அறிந்த ஒருவர், பிறருக்கும் அது தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. தாம் அறியாத ஒன்றை அறிந்துகொள்வதற்காகக் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று துணிய இயலாத நிலையில் கேட்பது ஐய வினா. ஒரு பொருளை வாங்கவும், கொடுக்கவும், ஒருவரை ஒரு செயலில் ஏவவும் கேட்கப்படுபவை எஞ்சிய மூன்று. இன்று பள்ளி விழாக்களில் நடக்கும் வினாடி வினாக்களும், அரசுப் பணிக்கான போட்டித் தேர்வுகளில் இடம்பெறும் பொது அறிவியல் பகுதியும் ஏறக்குறைய முழுவதுமாக அறிவினாவையே நம்பியிருக்கின்றன. ஒளியின் வேகம் என்ன, நாக்கில் கறை படியச் செய்யும் நிறமி எது என்று கேட்டால், ஓர் எண்ணிலோ ஒரு சொல்லிலோ விடை வந்துவிடுகிறது; மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது. அறிவியலோ மற்ற இரண்டு வினாக்களால், அதாவது அறியாமையாலும் ஐயத்தாலும், வளர்ந்த துறை. ஆகவே ஓர் அடிப்படை அறிவியல் செய்தி மனப்பாடமாக நின்றுவிடாமல் அறிவாக மாற வேண்டுமானால், அந்த விடை எப்படிக் கிடைத்தது என்ற இரண்டாவது வினாவும் அதனுடன் சேர்ந்து வர வேண்டும்; அதைத் தம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கும் வழி இருந்தால் இன்னும் நல்லது. அப்படிச் சோதிக்கத் தக்க செய்திகள் எந்த ஊரிலும் நிறைய உண்டு என்பதற்குத் திருநாவலூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

2019-ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் இடையே, கெடிலம் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது திருநாவலூர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்ற வகையில் தமிழுலகம் அதை அறியும். மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையும், கிழக்கே கெடிலம் சென்று சேரும் கடலூர்க் கடலும், தெற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிப் படுகையும், வடகிழக்கே திருவக்கரையின் கல்மரங்களும் இருக்க, அவற்றின் நடுவே கரும்பும் நெல்லும் நிலக்கடலையும் விளையும் சமவெளியில் அது இருக்கிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல், புவியியல் ஆகிய நான்குக்கும் வேண்டிய பொருள்கள் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கின்றன.

ஊர்ப்பெயரில் இருக்கும் நாவல் மரமே அவ்வூர்க் கோயிலின் தலமரமும் ஆகும். நாவற்பழம் தின்றவரின் நாக்கு ஊதாவாக மாறுவதற்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி என்பது வினாடி வினாவில் கேட்கப்படும் விடை. அந்த நிறமியின் சிறப்பு அதற்கு அடுத்த படியில்தான் தெரியும். பழத்தின் தோலைக் கசக்கி வடித்த சாற்றை இரண்டு கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாற்றையும் மற்றொன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீரையும் சில சொட்டு விட்டால், முதலாவது சிவப்பை நோக்கியும் இரண்டாவது நீலப் பச்சையை நோக்கியும் மாறும். புளிப்புத் தன்மையுள்ள பொருள்கள் அமிலம் எனப்படுகின்றன. சுண்ணாம்பு, சோப்பு, சமையல் சோடா போன்றவை அவற்றுக்கு எதிர்த் தன்மை கொண்ட காரம் எனப்படுகின்றன. சுற்றியுள்ள நீர்மத்தின் அமில அளவுக்கு ஏற்ப ஆந்தோசயனின் மூலக்கூறின் அமைப்பு சற்றே மாறுவதால், அது உறிஞ்சும் ஒளியின் நிறம் மாறி, கண்ணுக்குத் தெரியும் நிறமும் மாறுகிறது. இவ்வாறு நிறம் மாறி அமிலத்தையும் காரத்தையும் காட்டிக்கொடுக்கும் பொருள் நிறங்காட்டி எனப்படும். மஞ்சளும் ஒரு நிறங்காட்டியே. ஆனால் அது அமிலத்தில் மாறாது, காரத்தில் மட்டும் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்யும் பழைய முறையின் அடிப்படை இதுதான். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்துபோன பருவத்திலும் இந்தப் பாடத்தை நடத்த முடியும் என்பதை ஆசிரியர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

அதே பழம் நாக்கில் உண்டாக்கும் துவர்ப்புக்குக் காரணம் வேறு. டானின் என்ற வேதிப்பொருள் குழுவைச் சேர்ந்த மூலக்கூறுகள், உமிழ்நீரில் உள்ள வழுவழுப்பான புரதங்களோடு பிணைந்து அவற்றைத் திரளச் செய்வதால் வாய் உலர்ந்து இழுப்பது போன்ற உணர்வு தோன்றுகிறது. கல்வராயன் மலையின் காட்டு விளைபொருள்களுள் பெயர்பெற்ற கடுக்காயில் இந்தப் பொருள் மிகுதி. தோல் பதனிடும் தொழிலில் கடுக்காய் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதும் இதே காரணத்தால்தான்: டானின் தோலிலுள்ள புரத இழைகளோடு பிணைந்து அவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்க முடியாதபடி செய்துவிடுவதால், அழுகிப்போக வேண்டிய தோல் பல்லாண்டு நிலைக்கும் பொருளாகிறது. கடுக்காய்க் கசாயத்தில் துருப்பிடித்த ஆணி ஒன்றைச் சில நாள் ஊறப் போட்டால், இரும்பும் டானினும் சேர்ந்து கரிய நிறம் தோன்றும். பழைய எழுதுமைகள் பலவும் இந்த வினையைக் கொண்டே செய்யப்பட்டன. நாக்கின் துவர்ப்பு, தோலின் உறுதி, மையின் கருமை என்ற மூன்று வெவ்வேறு செய்திகள் ஒரே வேதிவினைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரியவரும்போது, மூன்றையும் தனித்தனியே நினைவில் வைக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

நாவற்கொட்டையை நட்டுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: ஒரே கொட்டையிலிருந்து சில வேளைகளில் இரண்டு, மூன்று கன்றுகள் முளைக்கும். ஒரு விதையில் ஒரு கரு என்பது பொதுவிதி. நாவல், மா வகைகள் சில, எலுமிச்சைக் குடும்பம் ஆகியவற்றில் ஒரு விதைக்குள் பல கருக்கள் உருவாகின்றன. இப்படிக் கூடுதலாகத் தோன்றும் கருக்கள் மகரந்தச் சேர்க்கையால் அல்லாமல் தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவாகும்போது, அந்தக் கன்றுகள் தாய்மரத்தின் பண்புகளை அப்படியே கொண்டிருக்கும்.

மேற்கே மலையை நோக்கினால் வேறொரு வினா எழுகிறது. மலையுச்சி சமவெளியைவிடச் சூரியனுக்கு அருகில் இருக்கிறது. அப்படியிருந்தும் அங்கு ஏன் குளிர்? சூரியன் சராசரியாக 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கையில், கல்வராயன் மலையின் உயரமான பகுதிகள் தரும் ஒரு கிலோமீட்டர் நெருக்கம் கணக்கில் கொள்ளத் தக்கதே அன்று. காற்று பெரும்பாலும் சூரிய ஒளியால் நேரடியாகச் சூடேறுவதில்லை. ஒளி நிலத்தைச் சூடாக்க, நிலம் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடேறிய காற்று மேலே செல்லும்போது அங்கு அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது. விரிவதற்குத் தேவையான ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் குளிர்கிறது. இதனால் ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. அதே அழுத்தக் குறைவால் 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக ஏறத்தாழ 96.7 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும் நீர் அதற்கு மேல் சூடாவதில்லை என்பதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மலையில் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்ற வினாவுக்கு நூறு என்று மட்டும் விடை எழுதுவது, கடல்மட்டத்தில் நின்று எழுதும் விடை என்பதை மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

வயலில் கேட்க வேண்டிய முதன்மையான வினா, கரும்பின் எடை எங்கிருந்து வருகிறது என்பது. மண்ணிலிருந்து என்றே பலரும் சொல்வார்கள். பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் பதினேழாம் நூற்றாண்டில் இதைச் சோதித்தார். உலர்த்தி நிறுத்த 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றி வளர்த்துப் பின் நிறுத்துப் பார்த்தபோது, மரம் 164 பவுண்டு கூடியிருந்தது. மண் 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு பாதிதான் சரி, ஏனெனில் காற்றையும் அவர் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். காற்றில் சிறிதளவே கலந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்து கரியைப் பிரித்து, தண்ணீரோடு இணைத்துச் சர்க்கரையாக மாற்றுகிறது இலை. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர். கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் உள்ள கூட்டுறவு ஆலைகளுக்கு வண்டி வண்டியாகச் செல்லும் கரும்பின் உலர் எடையில் மிகப் பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது என்பது வியப்பூட்டும் செய்தி. ஆனால் முழுக்க உண்மை.

பக்கத்து வயலின் நெல்லும் இதே வேலையைச் செய்கிறது, ஆயினும் வேறு வழியில். நெல்லில் கரியமில வாயு முதலில் மூன்று கரியணுக்கள் கொண்ட சேர்மமாகவும், கரும்பில் நான்கு கரியணுக்கள் கொண்ட சேர்மமாகவும் மாறுகிறது. கரும்பு இந்த நான்கணுச் சேர்மத்தை இலையின் உட்செல்களுக்குக் கடத்தி, அங்கே கரியமில வாயுவைச் செறிவாக வெளியிட்டுப் பயன்படுத்துவதால், கடும் வெயிலிலும் குறைந்த நீரைச் செலவிட்டு மிகுதியான சர்க்கரையை உருவாக்க முடிகிறது. கரும்பிலேயே முதலில் கண்டறியப்பட்ட இந்த வழியை 1966-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷல் ஹாட்ச், ராஜர் ஸ்லாக் ஆகியோர் விளக்கிக்காட்டினர். இன்று இந்தியாவில் பயிராகும் கரும்பு வகைகளின் வரலாறும் தமிழ்நாட்டில்தான் திரும்பியது: 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும், இனிப்பு மிகுந்த கரும்பை ஆற்றங்கரைகளில் தானே வளரும் பேய்க்கரும்பு என்ற காட்டுப் புல்லோடு கலந்து, இனிப்பும் உறுதியும் ஒருங்கே கொண்ட வகையை உருவாக்கினர். கோ 205 என்ற பெயரில் 1918-இல் வெளியான அந்த வகையும் அதன் வழிவந்தவையும் வடஇந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றிவிட்டன.

கற்களைப் பற்றிய வினாக்கள் காலத்தைப் பற்றிய வினாக்களாக மாறுவதைத் தவிர்க்க முடியாது. கல்வராயன் மலையில் மிகுதியாகக் காணப்படும் கரும்பச்சை சாயல் கொண்ட கடும்பாறை சார்னோக்கைட் எனப்படுகிறது. கல்கத்தா நகரத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல் சென்னைப் பல்லாவரப் பகுதிப் பாறை வகையைச் சேர்ந்தது என்று கண்ட தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர், 1893-இல் அவர் பெயரையே அந்தப் பாறைக்குச் சூட்டினார். பூமியின் ஆழத்தில், மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இந்தப் பாறைகளின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதே இங்கு முதன்மையான வினா. பாறைக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற நுண்ணிய படிகங்கள் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், காரீயத்தை ஏற்றுக்கொள்ளாது. யுரேனியம் 238 என்ற அணுவகை மாறாத வேகத்தில் சிதைந்து காரீயமாகிறது. எந்த அளவு இருந்தாலும் அதில் பாதி சிதைவதற்கு 447 கோடி ஆண்டுகள் ஆகும். இப்படிப் பாதி சிதைய ஆகும் காலம் அரை ஆயுள் எனப்படும். ஆகவே படிகத்தில் இன்று எவ்வளவு யுரேனியம் எஞ்சியுள்ளது, எவ்வளவு காரீயம் சேர்ந்துள்ளது என்று அளந்தால், படிகம் உருவாகிக் கழிந்த காலம் தெரிந்துவிடும். பூமியின் வயதான 454 கோடி ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை இந்தப் பாறைகள் கண்டிருக்கின்றன. எலும்புடைய விலங்கு எதுவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அவை உருவாகிவிட்டன.

அவற்றோடு ஒப்பிட்டால் திருவக்கரைக் கல்மரங்கள் இளையவை. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா கவனத்துக்குக் கொண்டுவந்த அவை, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள். கிளையும் பட்டையும் வேரும் பெரும்பாலும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பது, அவை அங்கேயே வளரவில்லை, வேறிடத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று. மணலுக்குள் ஊடுருவிய நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் படிந்து, மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்கிய இடத்தை நிரப்பியதால், ஆண்டு வளையங்கள் வரை அமைப்பு மாறாமல் மரம் கல்லானது. நெய்வேலியிலும் பண்டைய தாவரங்கள்தான் புதைந்தன. அங்கே அவை உயிர்வளி புகாத சதுப்பில் குவிந்து, மேலே படிந்த வண்டலின் அழுத்தத்தில் பழுப்பு நிலக்கரியாக மாறின. ஓரிடத்தில் மரத்தின் வடிவம் எஞ்சிக் கரி போயிற்று. மற்றோரிடத்தில் வடிவம் போய்க் கரி எஞ்சியது. இங்கு மாணவர்கள் பலர் தடுமாறும் வினா ஒன்று உண்டு: கல்மரத்தின் வயதைக் கரி 14 முறையில் கணிக்கலாமா? முடியாது. கரி 14 அணுவின் அரை ஆயுள் 5,730 ஆண்டுகளே. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அளக்கும் அளவுக்கு அது எஞ்சுவதில்லை. கீழடி அகழாய்வில் கிடைக்கும் கரித்துண்டுக்குப் பொருந்தும் முறை திருவக்கரைக்குப் பொருந்தாது.

கெடிலம் சென்று சேரும் கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பதற்கு, வானத்தின் நீலம் அதில் பிரதிபலிப்பதால் என்ற விடை இன்றும் பல வினா விடை நூல்களில் காணப்படுகிறது. அறிவியலறிஞர் ராலே பிரபு ஏற்றுக்கொண்டிருந்த விடை அது என்பதால் நெடுநாள் பெரும்பாலோர் அதை ஐயுறவில்லை. 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு ஐயுற்றார். நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவியால், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தபோதும் கடலின் நீலம் மறையவில்லை. மாறாக, இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதும், செந்நிற ஒளியை நீர் மிகுதியாக உறிஞ்சிவிடுவதால் நீலம் எஞ்சுகிறது என்பதும் இன்று தெளிவான செய்திகள். ஒளிச்சிதறலைப் பற்றித் தொடர்ந்த அந்த ஆய்வு 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் ராமன் விளைவைக் கண்டறிவதில் முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நாள் தேசிய அறிவியல் நாளாகவும் ஆனது. பிப்ரவரி 28 எதற்காகக் கொண்டாடப்படுகிறது என்று கேட்கும் போட்டிகள், ஏற்கப்பட்ட விடையை ஒருவர் ஐயுற்ற கதையையும் சேர்த்துச் சொன்னால் மாணவருக்குப் பெரும்பயன் விளையும்.

ஆனால் திருநாவலூரின் இருப்பிடம் நேரடியாகக் கற்றுத்தரும் பாடம் சூரியனைப் பற்றியதே. சூரியன் நாள்தோறும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது ஆண்டில் இரண்டு நாள்களில் மட்டுமே நிகழும். அதுவும் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் மட்டுமே நிகழும். டில்லியில் ஒருநாளும் நிகழாது. பூமியின் சுழல் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் தலைக்கு நேரே நிற்கும் இடம் ஆண்டு முழுவதும் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து ஓரிடம் எத்தனை பாகை தள்ளி உள்ளது என்பதைக் குறிக்கும் அளவு அகலாங்கு. ஏறத்தாழ 11¾ பாகை வட அகலாங்கில் இருக்கும் திருநாவலூருக்குச் சூரியன் ஏப்ரல் 20, 21 ஆகிய நாள்களை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்கையிலும், ஆகஸ்டு 21, 22-ஐ ஒட்டித் தெற்கு நோக்கித் திரும்புகையிலும் நேர் உச்சியில் நிற்கும். அந்த நண்பகலில் செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடிக்குள்ளேயே மறைந்துவிடுவதால், அதை நிழலில்லா நாள் என்று அழைக்கிறார்கள். ஏப்ரலில் கன்னியாகுமரியில் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து, 24-ஆம் நாளை ஒட்டிச் சென்னையை அடைகிறது இந்த நிகழ்வு. 1987 முதல் துளிர் இதழை நடத்திவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகள் இதைப் பள்ளி மாணவர்களுக்குக் காட்டிவருவது பாராட்டத் தக்க பணி.

அந்த நிழல் மறைவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அன்று. இந்தியா முழுவதும் பின்பற்றும் நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கை, அதாவது அலகாபாத் அருகே செல்லும் வட தென் கோட்டை, அடிப்படையாகக் கொண்டது. திருநாவலூர் அதற்கு மேற்கே ஏறத்தாழ 3.1 பாகை தள்ளியிருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆவதால், அங்கு நண்பகல் சராசரியாக 12 நிமிடங்கள் தாமதமாக வருகிறது. ஏப்ரல் பிற்பகுதியில் அது 12 மணி 11 நிமிட அளவிலும், ஆகஸ்டில் 12 மணி 15 நிமிட அளவிலும் இருக்கும். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாமையாலும் அச்சின் சாய்வாலும் வரும் வேறுபாடு அது. ஏப்ரலில் உச்சியில் நிற்கும் சூரியனைவிட மே மாதக் கத்திரி வெயில் கொடுமையாக இருப்பது ஏன் என்ற வினாவும் இங்கே பொருந்தும்: நிலம் தான் இழப்பதைவிடக் கூடுதலான வெப்பத்தை நாள்தோறும் பெற்றுச் சேமித்துக்கொண்டே போவதால் உச்ச வெப்பம் பிந்தி வருகிறது. ஆகஸ்டில் சூரியன் மீண்டும் உச்சியில் நின்றாலும், மேகமும் ஈரமும் மிகுந்திருப்பதால் அந்தக் கொடுமை இருப்பதில்லை. மார்கழிக் குளிரோ இன்னும் வியப்பானது. பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது சனவரி முதல் வாரத்தில்தான். மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில், இருப்பது சூலை முதல் வாரத்தில். பருவங்களுக்குக் காரணம் தொலைவு அன்று, சாய்வே என்பதை மார்கழி விடியலில் போர்வையோடு எழுந்திருக்கும் எவருக்கும் விளக்கிவிடலாம்.

இரவிலும் இதே பாடம் தொடர்கிறது. வட துருவ மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ அதுவே ஏறத்தாழ அந்த ஊரின் அகலாங்கு. கையை முழுவதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். திருநாவலூரில் வட அடிவானத்துக்கு மேலே ஒரு முட்டியும் ஒரு விரலும் வைத்த உயரத்தில் அந்த மீன் இருக்கும். அவ்வளவு தாழ்வாக இருப்பதால் தோப்பும் புழுதியும் பெரும்பாலும் அதை மறைத்துவிடுகின்றன.

நிழல் மறையும் நாளைக் கொண்டு பூமியின் சுற்றளவையும் அளக்கலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்திய எரடோஸ்தனிஸ், தெற்கே சையீன் என்ற ஊரில் நிழல் மறையும் நண்பகலில் தம் ஊரில் விழும் நிழலின் கோணம் ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கண்டார்; இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவை ஐம்பதால் பெருக்கி, பூமியின் சுற்றளவைக் கணித்தார். இதைத் திருநாவலூரும் நாகர்கோவிலும் சேர்ந்து செய்யலாம். திருநாவலூரில் நிழல் மறையும் ஏப்ரல் நாளில், நாகர்கோவிலில் சூரியன் ஏற்கெனவே வடக்கே கடந்து சென்றிருப்பதால், அங்கு நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். ஒரு மீட்டர் கம்பின் நிழல் ஏறத்தாழ 6.2 சென்டிமீட்டர் இருக்கும், அது 3.57 பாகைக் கோணத்தைக் குறிக்கிறது. வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக அளந்த தொலைவு ஏறத்தாழ 395 கிலோமீட்டர். 360-ஐ 3.57-ஆல் வகுத்து 395-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டரை நெருங்கிய விடை வரும். பூமியின் உண்மையான சுற்றளவும் அதுவே.

சில எச்சரிக்கைகள் தேவை. சாலைத் தொலைவையோ குறுக்கே அளந்த தொலைவையோ எடுத்துக்கொண்டால் விடை பிழைக்கும். நாகர்கோவில் மேற்கே தள்ளி இருப்பதால் அங்கு நண்பகல் 8 நிமிடங்கள் பிந்தி வரும். எனவே ஒவ்வோர் ஊரிலும் பத்து நிமிட இடைவெளியில் நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே வந்து, மிகக் குறுகிய நிழலையே கணக்கில் கொள்ள வேண்டும். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டால் சரிபார்த்துக்கொள்ளலாம். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகல வட்டாக இருப்பதால், ஒரு மீட்டர் கம்பின் நிழல் விளிம்பு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கித் தெரியும். அந்த மங்கலின் நடுவை அளக்க வேண்டும். நாகர்கோவிலை விட்டுச் சென்னையை இணையாகக் கொண்டால் அங்கு நிழல் 2.3 சென்டிமீட்டர்தான் இருக்கும். அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பூமியின் சுற்றளவில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் பிழை வந்துவிடும். நாகர்கோவிலில் அதே தவறு ஏறத்தாழ 640 கிலோமீட்டர் பிழையோடு நின்றுவிடும். ஆகஸ்டு மாதத்தில் வானம் மூடியிருக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், பள்ளிகள் இதற்கு ஏப்ரலையே தேர்ந்துகொள்வது நல்லது.